குளிர்ச்சியில் குறையில்லை, பம்ப்தான் பொறுக்கவில்லை

கணினிச் செயலியை நீரைச் சுற்றவிட்டுக் குளிர்விக்கும் என் லிக்விட் கூலர் பழுதாகி, பதிலுக்குப் புதியது வந்து சேர்ந்த அதே வாரத்தில் மாமா மகன் ஒரு படம் அனுப்பினான். நான் வைத்திருக்கும் அதே கூலர்தான், நீரின் சூட்டைக் காற்றில் இறக்கும் ரேடியேட்டர் 240 மில்லிமீட்டர், விலை பாதியாக இறங்கியிருக்கிறது. "அண்ணே, சிம் லிம் ஸ்குவேரில் கிடைக்கிறது, வாங்கிவிடட்டுமா?" என்று கேட்கிறான். ஏறக்குறைய நான்கு ஆண்டுகளாக அந்தக் கூலரோடு ஒரே அறையில் படுத்தெழுந்திருக்கிறேன். ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

முதலில் அதற்குச் சேரவேண்டிய நியாயம். என் கணினியில் இருப்பது ரைசன் 9 5950எக்ஸ், 16 கோர் செயலி. முழுச் சுமையில் 142 வாட் வரை இழுக்கும். கட்டட உட்புறங்களின் முப்பரிமாணப் படங்களை ரெண்டர் செய்வது, அதாவது கணினி கணக்கிட்டு முழுப் படமாக்கித் தரவைப்பது, என் தொழில். மாலையில் தொடங்கி விடியும்வரை ஓடும் வேலைகள் வழக்கம். கணினி இருப்பது சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் படுக்கையறையில், மேற்கு வெயில் அறையும் சுவரோரம். குளிர்சாதனம் போடாத பிற்பகலில் அறை 31 டிகிரியைத் தொடும். விசிறி வைத்த எந்தக் கூலரும், லிக்விட் கூலரும்தான், செயலியை அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக வைத்திருக்க முடியாது. அறைக்கு மேல் எத்தனை டிகிரியில் நிறுத்துகிறது என்பதே அதன் திறமை. வெளிநாட்டுச் சோதனைகள் பெரும்பாலும் 20, 22 டிகிரி அறைகளில் நடப்பவை. அந்த எண்களோடு பத்தைக் கூட்டினால்தான் நம் ஊர்க் கணக்கு வரும்.

அந்தக் கணக்கில் இது நன்றாகவே தேறியது. முன்பிருந்த சின்னக் காற்றுக் கூலரில் (உலோகத் தகடுகளும் விசிறியும் மட்டும், நீர் கிடையாது) செயலி 88, 89 வரை ஏறி, 90 என்ற எல்லையில் முட்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். லிக்விட் கூலர் வந்த பிறகு மணிக்கணக்கான ரெண்டரிலும் எழுபதுகளின் நடுவில் நின்றது. இன்னொரு நன்மையை நான் எதிர்பார்க்கவே இல்லை. உள்ளே இருக்கும் நீர் சூடேறச் சில நிமிடங்கள் எடுக்கும். அதனால் ஒரு கோப்பைத் திறப்பது, ஒரு சிறு முன்னோட்டம் பார்ப்பது போன்ற அரை நிமிட வேலைகளுக்கு விசிறிகள் பதறி எழுவதில்லை. பகல் முழுவதும் விசிறி ஒரே சீராக, மெல்ல ஓடும். இந்த ஒரு குணத்துக்காகவே முதல் ஆண்டில் கேட்டவர்களிடமெல்லாம் இதை வாங்கச் சொன்னேன்.

இனி, உள்ளே நீரைச் சுற்றவைக்கும் பம்ப். விசிறிச் சத்தம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அது காற்று, மேலே மின்விசிறி சுழலும்போது அதோடு கலந்து போய்விடும். பம்பின் சத்தம் கலக்காது. காதருகே வட்டமிடும் கொசுவைப் போல, மெலிந்து, உயர்ந்து, இடைவிடாமல் ஒரே சுருதியில் நிற்கும். கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில் பம்பின் வேகத்தைக் குறைத்தால் சுருதி மாறும், சத்தம் போகாது. இன்னும் குறைத்தால் வெப்பம் ஏறும். இது தொடக்கத்திலிருந்தே இருந்தது; பொறுத்துக்கொண்டேன்.

மூன்றாம் ஆண்டில் வேறொன்று சேர்ந்துகொண்டது. கணினியை இயக்கியதும் களக் களக்கென்று நீர் உருளும். பக்கத்து அறையிலிருந்து அம்மா, "தம்பி, குளியலறைக் குழாயைச் சரியாக மூடவில்லையா?" என்று கேட்பார். முதலில் சில நொடிகளில் அடங்கியது. பிறகு நிமிடங்கள். கடைசியில் நள்ளிரவு ரெண்டருக்கு நடுவில், நான் கண்ணயரும் நேரம் பார்த்து, நினைத்தபோதெல்லாம் வந்தது.

காரணத்தில் மர்மம் எதுவும் இல்லை. இந்தக் கூலர்களின் ரப்பர்க் குழாய்கள் முழுக்க அடைப்பானவை அல்ல. ஆண்டுக்கணக்கில் நீர் ஆவியாகிக் குழாய்ச் சுவர் வழியே மிக மெதுவாகக் கசிந்து போகிறது. போன நீரின் இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. காற்று எப்போதும் சுற்றின் மிக உயரமான இடத்தில் சேரும். அந்த உயரமான இடம் பம்பாக இருந்துவிட்டால் பம்ப் சீக்கிரம் செத்துவிடும். அதற்காகத்தான் ரேடியேட்டரைப் பெட்டியின் மேற்கூரையில் பொருத்தச் சொல்கிறார்கள். என்னுடையது முதல் நாளிலிருந்தே மேற்கூரையில்தான் இருந்தது. ஆனாலும் நீர் குறையக் குறைய, சுற்றிவரும் நீரோடு குமிழிகள் பம்புக்குள் இழுபட்டன. போன மாதம் பம்ப் ஒரு மாதிரி உறுமிவிட்டு நின்றது. திரையில் 90 டிகிரி, கணினி தானாக அணைந்தது, மறுநாள் காலை தரவேண்டிய வேலை பாதியில்.

உத்தரவாதம் இருந்தது. கொடுத்த வாக்கை நிறுவனம் காப்பாற்றியது. பணம் கேட்காமல் புதிய கூலரே தந்தார்கள். இதை மறைத்து எழுதக்கூடாது. ஆனால் அதற்கு முன்பே, வெறும் சத்தத்துக்காகக் கொண்டுபோனபோது, "இது இயல்பான அளவுக்குள்தான் இருக்கிறது" என்று திருப்பி அனுப்பிய அதே முகப்பு அது. என் கோபம் அந்த முகப்பில் நின்ற இளைஞர் மீது இல்லை. நீர் குறையும் என்று தெரிந்தே, நீர் ஊற்ற ஒரு திருகுமூடிகூட வைக்காமல், திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்று ஒட்டுத்தாள் ஒட்டி விற்கிறார்களே, அந்த வடிவமைப்பின் மீது. முடியாத காரியம் அல்ல. பி கொயட் நிறுவனத்தின் ப்யூர் லூப் வரிசையில் நீர் நிரப்பும் துளையும் உண்டு, பெட்டியிலேயே ஒரு சிறு குப்பி நீரும் உண்டு. ஒரு திருகாணிச் செலவில் முடியவேண்டிய விஷயத்துக்கு ஒரு முழுக் கூலர் குப்பைக்குப் போகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

புதியது வரும்வரை வேலை நிற்கக்கூடாதே என்று நண்பரிடம் ஒரு பெரிய காற்றுக் கூலரை இரவல் வாங்கினேன். இரட்டைக் கோபுரமாக நிற்கும் உலோகத் தகடுகள், இரண்டு விசிறி, பம்ப் கிடையாது. செயலியின் சூட்டைக் கூலருக்குக் கடத்த இடையில் பூசும் வெப்பப் பசைக்குப் பதிலாக ஹனிவெல்லின் பிடிஎம்7950 தாளை வைத்தேன். அறை வெப்பத்தில் அது மெல்லிய திடத் தாள். சுமார் 45 டிகிரியில் இளகி, செயலிக்கும் கூலருக்கும் இடையிலுள்ள நுண்ணிய பள்ளங்களில் பரவி நிறைகிறது. நம் ஊர் வெப்பத்தில் தாள் கையோடு ஒட்டிக்கொண்டு கிழியும். வெட்டுவதற்கு முன் சிறிது நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் பாதுகாப்புப் படலம் சுத்தமாக உரியும். புதிதாகப் பூசிய நல்ல பசையைவிட இது வெப்பத்தைப் பெரிதாகக் குறைத்துவிடாது. இதன் பலம் வேறு. செயலி சூடாகி ஆறி, சூடாகி ஆறிப் பசை ஓரத்துக்குப் பிதுங்குவதும், வறண்டு வெடிப்பதும் இதில் இல்லை. மூடியில்லாத சில்லு கொண்ட மடிக்கணினிகளில் அந்த வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும்.

இந்த ஏற்பாட்டில் என் ரெண்டர்கள் 80 டிகிரியை ஒட்டி ஓடின. லிக்விட் கூலரைவிட ஐந்தாறு டிகிரி அதிகம், முடியும் நேரத்தில் கவனிக்கத்தக்க மாற்றம் இல்லை. அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். அம்மாவும் குழாயைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார்.

புதிய தொழில்நுட்பம் வரும்வரை பொறுக்கலாமா என்றும் தம்பி கேட்டிருந்தான். மின்சாரத்தால் குளிரும் பெல்டியர் தகடு வைத்த கூலர்களை இன்டெல் 2020இல் ஊக்குவித்து, 2023இல் கைவிட்டது. அவை அறை வெப்பத்துக்கும் கீழே இறங்கக்கூடியவை. சிங்கப்பூரில் அதுவே வம்பு. இங்கே காற்று 24 டிகிரி வாக்கிலேயே நீராகப் படியத் தொடங்கும். அதற்குக் கீழே போகும் உலோகம் வியர்த்து, மதர்போர்டில் சொட்டும். ஃப்ரோர் நிறுவனத்தின் ஏர்ஜெட் அருமையான யோசனை: 2.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள சில்லுக்குள் சவ்வுகள் அதிர்ந்து காற்றைப் பாய்ச்சுகின்றன. ஆனால் ஏர்ஜெட் மினி ஒன்று அகற்றுவது 5.25 வாட். மெல்லிய மடிக்கணினிக்குப் போதும், எனக்கு ஆகாது.

நான் ஆவலோடு பார்த்திருப்பது தெர்மோசைஃபன். தைவானில் நடந்த 2024 கம்ப்யூடெக்ஸ் கணினிக் கண்காட்சியில், கூலர் தயாரிக்கும் நொக்டுவா நிறுவனம் ஒரு மாதிரியை வைத்திருந்தது. குளிரூட்டும் திரவம் செயலியின் மேல் கொதித்து, ஆவியாகி மேலேறி, ரேடியேட்டரில் குளிர்ந்து, தன் எடையாலேயே கீழிறங்குகிறது. பம்ப் இல்லை! அங்கே காட்டிய அந்தக் கூலர் கடைக்கு வந்தால் முதல் ஆளாகப் போய் நிற்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கூலரை மாட்டினாலும் அந்த 142 வாட் வெப்பம் கடைசியில் அறைக்குள்தான் வந்து சேரும். செயலி குளிர்ந்தால் அறை குளிராது. குளிர்சாதனத்தை 25 டிகிரியில் வையுங்கள் என்று தேசிய சுற்றுப்புற வாரியம் சொல்கிறது, நானும் வைக்கிறேன். ரெண்டர் ஓடும் இரவில் அது அணையாமல் உழைக்கிறது, மின்கட்டணமும் அதற்கேற்ப வருகிறது. லிக்விட் கூலர் வாங்கினால் அறை குளிரும் என்று கடையில் யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

ஆக, தம்பி, வாங்காதே. பாதி விலைக்கும் வேண்டாம், கால் விலைக்கும் வேண்டாம். குளிர்விப்பதில் இதைவிடச் சிறந்த பொருளை நான் வைத்திருந்ததில்லை. அதை மேலேயே எழுதிவிட்டேன், அதில் ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன். புதிதாக வந்த கூலர் பெட்டி பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. நண்பருடைய காற்றுக் கூலரை அவருக்குப் பணம் கொடுத்து நானே எடுத்துக்கொண்டேன். லிக்விட் கூலர்தான் வேண்டும் என்று நீ பிடிவாதம் பிடித்தால், நீர் நிரப்பும் துளை இருக்கிறதா என்று கடைக்காரரிடம் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பணத்தை எடு.