மாறும் அளவுகளையும் இறப்பையும் சேர்த்தே ஆராயும் ஜேஎம்பேயஸ்2

ஆய்வில் சேர்ந்த நாளில் இருந்த இரத்த அழுத்தமே பத்தாண்டுகள் கழித்தும் ஒருவருக்கு இருப்பதில்லை. ஆனாலும் அந்த முதல் நாள் அளவை மட்டும் வைத்து இறப்பு அபாயத்தைக் கணிப்பது இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. 1972-இல் புள்ளியியலாளர் டேவிட் காக்ஸ் இத்தகைய அபாயத்தைக் கணிக்க முன்வைத்த மாதிரியில், இரத்த அழுத்தம் போலக் காலத்தோடு மாறும் காரணிகளுக்கும் இடமுண்டு. எனினும் அவற்றை வழக்கமான முறையில் சேர்க்கும்போது, கடைசியாக எடுத்த அளவு அடுத்த பரிசோதனை வரை அசையாமல் நிற்பதாகவும் அதில் பிழையே இல்லை என்றும் கொள்ள நேர்கிறது. அதனால் காரணிக்கும் இறப்புக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் உள்ளதைவிட வலுக்குறைந்து தெரிகிறது.

புள்ளியியலாளர் டிமிட்ரிஸ் ரிசோபூலோஸ், ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழிக்காக உருவாக்கிய ஜேஎம்பேயஸ்2 (JMbayes2) என்ற இலவச மென்பொருள் தொகுப்பு அந்தக் குறையைத்தான் தீர்க்க முனைகிறது. ஒவ்வொருவரின் அளவுகள் செல்லும் போக்கை ஒரு கலப்பு விளைவு மாதிரியாகவும் (எல்லோருக்கும் பொதுவான போக்கோடு ஒவ்வொருவரின் விலகலையும் சேர்த்துக் கணிப்பது), இறப்பை ஒரு காக்ஸ் மாதிரியாகவும் தனித்தனியே எழுதிக் கொடுத்தால், இரண்டையும் இணைத்துப் பேய்சிய முறையில், அதாவது முன்னறிவைத் தரவோடு சேர்த்து நிகழ்தகவாகக் கணிக்கும் முறையில், மதிப்பிட்டுத் தருகிறது. தொகுப்போடு வரும் ஈரல் நோய்த் தரவு பழகுவதற்கு மிகவும் ஏற்றது: மேயோ கிளினிக்கில் 1974 முதல் 1984 வரை சேர்க்கப்பட்ட 312 நோயாளிகளின் 1,945 பரிசோதனைப் பதிவுகள் அதில் உள்ளன.

என்னை மிகவும் கவர்ந்தது, இறப்போடு எதை இணைப்பது என்ற தேர்வை ஆய்வாளரிடமே விட்டிருப்பதுதான். ஈரல் நோயில் இரத்தத்தில் கூடும் பிலிருபின் என்ற நிறமியின் இப்போதைய அளவா, அது ஏறும் வேகமா, இதுவரை உடல் தாங்கிய மொத்தச் சுமையா என்பதை ஒரே வரி மாற்றத்தில் சோதித்துப் பார்க்கலாம். இவை மூன்றும் நோயைப் பற்றிய மூன்று வெவ்வேறு கேள்விகள். முதல் நாள் அளவை மட்டும் வைத்திருப்பவரால் பின்னிரண்டையும் கேட்கவே முடியாது. புதிய பரிசோதனை முடிவு வரும்போதெல்லாம் அந்த நோயாளியின் உயிர்பிழைப்பு வாய்ப்பைத் திருத்திக் கணிக்கவும், அக்கணிப்பு எவ்வளவு சரி என்று அளவிடவும் வசதிகள் உள்ளன.

கணக்கீட்டுக்கு நேரம் பிடிக்கும்; சங்கிலிகள் (பேய்சிய மதிப்பீட்டில் அடுத்தடுத்து எடுக்கப்படும் மாதிரி மதிப்புகளின் தொடர்கள்) ஒருங்கியுள்ளனவா, அதாவது ஒரே விடையில் நிலைத்துள்ளனவா என்று பார்க்காமல் முடிவை எடுத்தாளக் கூடாது. அளவுகளின் போக்கைத் தவறான வடிவில் எழுதிக் கொடுத்தால், அந்தத் தவறு இறப்புப் பகுதிக்கும் பரவும். பலருக்கு ஒன்றிரண்டு பரிசோதனைகளே உள்ள தரவாக இருந்தால், ஏறும் வேகத்தை இணைக்கும் வடிவத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே ஒரு நோயாளிக்குக் கணிக்கும் வேகம் அவருடைய அளவுகளிலிருந்து வருவதைவிட, மற்றவர்களின் சராசரியிலிருந்து கடன் வாங்கப்பட்டதாகவே இருக்கும்.