11,640 டொலர் போய்விட்டது: ஜெட் படகைக் குளிர்காலத்துக்குக் கடையில் விடுபவர்கள் கவனிக்கவும்

கோபம் ஆறுவதற்கு முன்பே எழுதிவிடுகிறேன். ஆறினால் எழுத மாட்டேன் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை ஒன்ராறியோவின் சிம்கோ ஏரியில் என் ஜெட் படகின் இயந்திரம் நின்றுபோனது. இன்று செவ்வாய். இன்று காலைதான் வேறு ஓர் இடத்து மெக்கானிக் திருத்தச் செலவு மதிப்பீட்டுத் தாளைக் கையில் தந்தார். வரியும் சேர்த்து 11,640 டொலர். படகு வாங்கி இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. புதிதாக ஜெட் படகு வாங்கும் நம்மவர்களுக்கு அதை ஓட்டுவது, கழுவுவது, பராமரிப்பது எல்லாவற்றையும் விளக்கமாக எழுதித் தர வேண்டும் என்று குளிர்காலம் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதையும் எழுதுகிறேன். முதலில் இதைக் கேளுங்கள்.

நான் யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் பிறந்தவன். 1990இல் ஊரை விட்டு வெளியேறும்வரை அப்பா கடலுக்குப் போனவர். கரைக்கு வந்ததும் வெளியிணைப்பு இயந்திரத்தைக் கழற்றி, ஒரு பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி, அதற்குள் இறக்கிச் சிறிது நேரம் ஓடவிடுவார். உப்பு முழுவதும் போன பிறகுதான் அவருக்குச் சாப்பாடு. அம்மா சோற்றைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டாலும் வர மாட்டார். இதைப் பார்த்து வளர்ந்தவன் நான். படகைப் பராமரிக்கத் தெரியாதவன் என்று ஒரு கடைக்காரன் என் முகத்துக்கு நேரே சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

போன ஜூனில், ஏரிக்குப் போகும் நெடுஞ்சாலையோரம் உள்ள ஒரு படகு விற்பனை நிலையத்தில் 19 அடி ஜெட் படகு ஒன்றைப் புதிதாக வாங்கினேன். பிள்ளைகளுக்காகத்தான் ஜெட். இதில் வெளியே சுழலும் விசிறி இல்லை. படகின் அடியில் கம்பிவலை போட்ட ஒரு வாய், அதன் வழியாக ஏரித் தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கக் குழாயால் பீறிட்டு அடிக்கும் பம்பு, அவ்வளவுதான். மகள் பின்னால் நீந்தும்போது காலை வெட்டக்கூடிய எதுவும் வெளியே இல்லை. அதற்கு ஈடாக ஒரு குறையும் உண்டு. தண்ணீர் பீறிட்டால்தான் படகு திரும்பும். பயந்துபோய் விசையைக் குறைத்தீர்களானால் சுக்கானை எவ்வளவு திருப்பினாலும் படகு நேரேதான் போகும். இதை முதல் வாரமே ஆளில்லாத இடத்தில் ஓட்டிப் பழகிக்கொண்டேன். சிம்கோ ஏரியின் குக்ஸ் விரிகுடாவில் பாசி அதிகம். வாயில் பாசி அடைத்தால் இயந்திரம் அலறும், படகு நகராது. சாவியை எடுத்துவிட்டுப் பின்பக்க மூடியைத் திறந்து, முழங்கைவரை உள்ளே விட்டுப் பிடி பிடியாகப் பாசியை இழுத்து எடுத்திருக்கிறேன். முதல் பத்து மணி நேரம் ஓடியதும் செய்ய வேண்டிய சர்வீஸையும் நாள் தவறாமல் செய்தேன். என் பக்கம் ஒரு குறையும் இல்லை.

ஒக்ரோபரில் நடந்ததைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் படகை விற்றவர் ஒரு தமிழர். வல்வெட்டித்துறை. முதல் நாளே "நாங்களும் கடற்கரை ஆட்கள்தான் அண்ணா" என்றவர். குளிர்காலத்துக்குப் படகை எங்கே விடுவது என்று கேட்டேன். "எங்களிடமே விடுங்கள் அண்ணா. 1,950 டொலர். எல்லாம் சேர்த்துத்தான். வசந்தத்தில் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போய் ஓட்ட வேண்டியதுதான்" என்றார். இயந்திரத்துக்குள் நிற்கும் தண்ணீரை எடுப்பதும் சேர்த்தா என்று நான் வாய்விட்டே கேட்டேன். "அது இல்லாமல் எப்படி அண்ணா?" என்று சிரித்தார். தேநீர் வாங்கித் தந்தார். அப்பாவைப் பற்றி விசாரித்தார். சாவியை அவர் கையில் வைத்துவிட்டு, பற்றுச்சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஸ்காபரோவுக்குத் திரும்பினேன். அந்தச் சீட்டை அங்கேயே விரித்துப் படித்திருக்க வேண்டும்.

இந்தத் தண்ணீர் விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் படகின் இயந்திரம் ஏரித் தண்ணீரையே உள்ளே இழுத்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். படகைக் கரையேற்றிய பிறகும் இடுக்குகளில் தண்ணீர் தங்கும். ஒன்ராறியோக் குளிரில் அது உறையும். உறையும்போது ஏறக்குறைய ஒன்பது சதவீதம் விரியும். அது இயந்திரத்தின் உலோகத்தையே பிளந்துவிடும். அதனால்தான் கரையேற்றியதும் காற்றடித்துத் தண்ணீரை வெளியேற்றி, உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தை உள்ளே ஓடவிட வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை படகை எடுக்கப் போனேன். இறுக்கிச் சுற்றிய வெள்ளைப் பிளாஸ்டிக் உறையை என் கண் முன்னால் வெட்டிப் பிரித்தார்கள். உள்ளே படகு போன வருடம் விட்டது போலவே பளபளத்தது. சந்தோஷமாக இழுத்துக்கொண்டு வந்தேன். சனிக்கிழமை மகனும் மகளும் கூட வர ஏரியில் இறக்கினேன். பத்து நிமிடம் நன்றாக ஓடியது. பிறகு எச்சரிக்கை மணி அடித்தது. படகின் அடித்தளத்துத் தண்ணீரை இறைக்கும் பம்பு தானாகவே ஓடத் தொடங்கியது. இயந்திரம் நின்றுவிட்டது. காற்று எங்களை அலைதடுப்புக் கற்களை நோக்கித் தள்ளிக்கொண்டு போனது. விசை இல்லாத ஜெட் படகில் சுக்கானைப் பிடித்து ஒரு பயனும் இல்லை. நங்கூரத்தைப் போட்டேன். பாறைக்கு ஏழெட்டு அடி இருக்கும்போது அது பிடித்தது. மே மாதத்துச் சிம்கோத் தண்ணீர் எவ்வளவு குளிர் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. என் ஜாக்கெட்டைப் பிடித்த கையை வீடு வரும்வரை விடவில்லை.

இன்று மெக்கானிக் எண்ணெய் பார்க்கும் கம்பியை இழுத்துக் காட்டினார். பால் விட்ட தேநீர் நிறத்தில் நுரைத்துப் போயிருந்தது. எண்ணெயோடு தண்ணீர் கலந்துவிட்டது. இயந்திரத்தின் உடலில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. அதை டார்ச் அடித்துக் காட்டி, "உள்ளிருந்து வெளியே பிளந்திருக்கிறது. இது பனி செய்த வேலை" என்றார். 11,640 டொலர் என்று எழுதித் தந்தார்.

கடைக்குச் சனிக்கிழமையே தொலைபேசி எடுத்தேன். சீசன் தொடங்கும் நேரம், திங்கட்கிழமை எடுங்கள் என்றார்கள். திங்கட்கிழமை எடுத்தேன். அந்த வேலையைச் செய்த பையன் இப்போது இங்கே இல்லை என்றார்கள். இன்று மதியம் நேரே போய் நின்றேன். முக்கால் மணி நேரம் கதிரையில் உட்காரவைத்த பிறகு முகாமையாளர் வந்தார். கல்லில் ஏற்றியிருப்பீர்கள், உங்களைப் போன்றவர்களுக்குப் பராமரிக்கத் தெரிவதில்லை என்றார். பம்பின் விசிறியில் ஒரு கீறல்கூட இல்லை என்று மெக்கானிக் எடுத்த படங்களைக் காட்டினேன். அவற்றைப் பார்க்காமலே என் பற்றுச்சீட்டை வாங்கி, ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். "குளிர்காலச் சேமிப்பு" என்று மட்டும்தான் அதில் இருந்தது. இயந்திரத்தைப் பனிக்குத் தயார் செய்வது வேறு வேலையாம். அதற்கு வேறு கட்டணமாம். நான் கேட்கவில்லையாம். 1,950 டொலர் கொடுத்தது என் படகை அவர்கள் முற்றத்தில் நிறுத்திவைப்பதற்கு மட்டும்தானாம்.

நம்முடைய அந்தத் தம்பி அதே கட்டடத்துக்குள்தான் இருந்தார். கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார், பார்த்துவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டார். நான்கு செய்தி அனுப்பினேன். நான்கையும் படித்திருக்கிறார். மாலையில் ஒரே ஒரு பதில் வந்தது: "அண்ணா, நான் விற்பனை மட்டும்தான்."

தயாரிப்பாளரின் உத்தரவாதம் பனியால் வரும் சேதத்துக்குப் பொருந்தாது. அது அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது. காப்புறுதிக்காரர் கேட்டது ஒரே ஒரு தாள்தான்: தொழில் தெரிந்தவர் இயந்திரத்தைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்தார் என்பதற்கான பற்றுச்சீட்டு. என்னிடம் இருப்பது சேமிப்புச் சீட்டு. அந்த ஒரு சொல் இல்லாததால் 11,640 டொலரும் என் தலையில் விழுந்திருக்கிறது.

பராமரிப்பைப் பற்றி நிறைய எழுதுவதாகச் சொன்னேன். இப்போது முடியவில்லை. அவசரமானதை மட்டும் சொல்கிறேன். சேமிப்பு வேறு, குளிர்காலத் தயாரிப்பு வேறு. தண்ணீர் வெளியேற்றியது, உறையாத் திரவம் விட்டது, எரிபொருள் கெடாமலிருக்க மருந்து கலந்தது என்று ஒவ்வொன்றையும் தனி வரியில், தேதியோடு எழுதி வாங்குங்கள். எழுதித் தராவிட்டால் சாவியைக் கொடுக்காதீர்கள். வசந்தத்தில் படகை நேரே ஏரிக்குக் கொண்டுபோகாதீர்கள். வீட்டு முற்றத்தில் தண்ணீர்க் குழாயை இயந்திரத்தில் பொருத்தி, கையேடு சொல்லும் நேரத்துக்கு மட்டும் ஓடவிட்டு, அடித்தளத்தில் தண்ணீர் சேர்கிறதா, எண்ணெய் நிறம் மாறுகிறதா என்று பாருங்கள். முதலில் இயந்திரத்தை இயக்குங்கள், பிறகு தண்ணீரைத் திறந்துவிடுங்கள். நிறுத்தும்போது முதலில் தண்ணீரை மூடுங்கள், பிறகு இயந்திரம். மாற்றிச் செய்தால் தண்ணீர் இயந்திரத்துக்குள் ஏறிவிடும். நங்கூரத்தைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். ஊர்க்காரர் என்று பார்க்காதீர்கள்.

சிறு வழக்குகள் நீதிமன்றத்துக்கான படிவத்தை மகள் கணினியில் திறந்து தந்திருக்கிறாள். மெக்கானிக் தன் அறிக்கையில் கையெழுத்திட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வெடித்த பாகத்தைக் கழற்றினாலும் எறிய வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். போன ஒக்ரோபரில் இதே கடையில் 1,950 டொலர் கட்டிப் படகை விட்ட வேறு யாராவது இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். இந்த வார இறுதியில் படகைத் தண்ணீரில் இறக்கும் முன் எழுதுங்கள்.