வேர் தயார் செய்த காட்டுமரம் என்று சொல்லி 850 டொலரை விழுங்கிவிட்டார்கள்

ஒன்ராறியோவில் பொன்சாய் வளர்க்கும் நண்பர்கள், இணையச் சந்தைத் தளம் ஒன்றில் 'இரண்டு ஆண்டுகள் வேர் தயார் செய்த டமராக் லார்ச்' என்ற விளம்பரத்தைக் கண்டால், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படிக்கவும். நான் அதற்கு 850 டொலர் கொடுத்தேன். மரம் பட்டுவிட்டது.

டமராக் சதுப்பு நிலங்களில் வளரும், குளிர்காலத்துக்கு முன் இலையுதிர்க்கும் ஊசியிலை மரம். அதன் வேர்கள் ஆழம் போகாமல் பாசிப்படுகையில் அகன்று ஓடுவதால், தண்டருகே சல்லி வேர் குறைவாகவே இருக்கும். ஆகவே பொன்சாய்க்காகக் காட்டில் நல்ல மரத்தைப் பார்த்து வைப்பவர்கள், ஒரு வசந்தத்தில் தண்டைச் சுற்றிப் பாதி வட்டத்துக்குப் பள்ளம் வெட்டி நீள்வேர்களை அறுத்து, மறு ஆண்டு மற்றப் பாதியையும் அறுத்து, அறுத்த இடங்களில் சல்லி வேர் திரண்ட பின்னரே, மொட்டுகள் பருத்துப் பச்சை காட்டும் வேளையில் மரத்தைப் பெயர்ப்பார்கள். 850 டொலர் என்பது அந்த வேலைக்கான விலை. வெறும் மரம் அவ்வளவு பெறாது.

விற்றவரும் தமிழர்தான். பள்ளம் வெட்டிய படங்களையும் காணிக்காரரின் அனுமதிக் கடிதத்தையும் ஒவ்வொன்றாக அனுப்பினார். "அண்ணை, முதல் வருசம் வேரைக் கிளறிப் பார்க்காதேங்கோ" என்றார். பெயர்த்த மரத்தின் வேரை உடனே கிளறக் கூடாது என்பது உண்மைதான். அந்த உண்மையைச் சொன்னதால்தான் விசயம் தெரிந்தவர் என்று நம்பிப் பணத்தை அனுப்பினேன். மரம் நட்டு வந்த பெட்டிக்குள் கிடந்ததை நான் பார்க்காமலிருப்பதற்குத்தான் அந்தப் புத்திமதி என்பது இப்போது விளங்குகிறது.

ஊசிகள் துளிர்த்தன. தண்டில் தேங்கியிருக்கும் சத்தைக் கொண்டு வேரற்ற மரமும் கொஞ்சக் காலம் துளிர்க்கும். ஜூன் வெயில் ஏறியதும் எல்லாம் பழுத்துக் கொட்டின. பெட்டியைப் பிரித்தால், தடித்த வேர்க்குற்றிகள் சில, அவற்றைச் சுற்றி அப்பிய களிமண். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அறுத்த வேராயின் வெட்டுவாயில் தழும்பு மூடி, அதன் விளிம்பிலிருந்து புதுவேர் கிளம்பியிருக்க வேண்டும். இங்கே வெட்டு மரக்கட்டையாகவே இருந்தது. சதுப்பில் எடுத்ததாகச் சொன்ன மரத்துக்குக் களிமண் எங்கிருந்து வந்தது?

கேட்டதற்கு முதலில் "தண்ணி கூடிப் போச்சுது அண்ணை" என்ற சாட்டு. அடுத்து, காட்டுமரத்துக்கு உத்தரவாதம் கிடையாது என்ற பேச்சு. பிறகு என் இலக்கத்தையே தடுத்துவிட்டார். கடிதத்திலிருந்த காணிக்காரரின் இலக்கமோ பாவனையில் இல்லை. தளத்தாரிடம் முறையிட்டால், நேரடிப் பணமாற்றத்துக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்ற அச்சடித்த பதில் வருகிறது. மீண்டும் எழுதினேன், மீண்டும் அதே பதில். 850 டொலர்!

விரிவாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் இவ்வளவுதான் வருகிறது. பெயர்த்த பின் ஒரு கோடையையாவது கடந்த மரத்தை மட்டும் வாங்குங்கள். காணிக்காரருடன் பணம் கொடுக்கும் முன்பே நீங்களே பேசுங்கள். மாகாணப் பூங்காக்களில் மரம் தோண்டுவது சட்டவிரோதம். நேரில் போய், விற்பவர் கையாலேயே மேல்மண்ணை விலக்கச் சொல்லிச் சல்லி வேரைப் பாருங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். அதே பள்ளத்தின் படம் இன்று காலை வேறொரு மரத்தின் விளம்பரத்தில் ஏறியிருக்கிறது, விலை 900 டொலர்.