பிளக்கை உருவினால் போர்டும் சேர்ந்து வருகிறதா?

பாளையங்கோட்டைப் பக்கம் பால்காய்ச்சி நாலு மாசம்கூட ஆகாத வீடு. அடுப்படியில் கிரைண்டர் பிளக்கை உருவியபோது பிளேட், சாக்கெட், தகரப் பாக்ஸ் மூன்றும் ஒன்றாகச் சுவரை விட்டு வெளியே வந்துவிட்டன. ஒயரிங் எடுத்தவருக்குப் போன் போட்டால், "பிளக்கை மெதுவா உருவணும்லா அண்ணாச்சி" என்று பதில். பாக்ஸ் பதிப்பதும் பாயிண்ட் ரேட்டில் (ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று பேசும் கூலி) சேர்த்தி என்றுதான் பேச்சு. பணமும் முழுசாகக் கைமாறியாச்சு. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் பார்த்துக்கொள்ள வசதியாக, அந்தக் குழிக்குள் இருந்ததை அப்படியே எழுதுகிறோம்.

பாக்ஸைச் சுற்றிச் சிமெண்டே இல்லை. வெறும் பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்), அதுவும் நாலு மூலையில் அப்பியது. விரல் வைத்தால் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. முதுகில் ஒரு இஞ்ச் ஆணி இரண்டு, செங்கல்லின் நடுவில் அடிக்காமல் கலவை இடுக்கில் அடித்தது. பாக்ஸின் தட்டுத் துளைகள் (பைப் நுழைக்கத் தட்டித் திறப்பவை) அத்தனையும் தேவையில்லாமல் உடைத்துத் திறந்து கிடந்தன. பைப் பாக்ஸுக்கு ஒரு இஞ்ச் முன்னாலேயே நின்றுவிட, ஒயர்கள் தகர விளிம்பில் உரசியபடி உள்ளே வந்திருந்தன. பச்சை ஒயர் சாக்கெட்டுக்குப் போனதே தவிர, பாக்ஸின் எர்த் திருகில் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை.

பிஓபி வைப்பது ஏன்? பத்து நிமிஷத்தில் இறுகிவிடும், அன்றைக்கே ஒயர் இழுத்துவிட்டு அடுத்த சைட்டுக்குப் போய்விடலாம். ஆனால் அது ஜிப்சம், ஈரம் பட்டால் இளகும். ஈரத்தோடு தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் துருவையும் கிளப்பிவிடும். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணிக் கரையோரம் தரைத்தளச் சுவர்கள் ஊறின அல்லவா? அப்படி ஊறிய வீட்டில் இருப்பவர்கள் மெயினை அணைத்துவிட்டு ஒவ்வொரு சாக்கெட்டையும் ஒருதரம் ஆட்டிப் பார்ப்பது நல்லது.

பாக்ஸ் ஆடினால் பிளேட் கோணலாவதோடு போகாது. பிளக்கைச் சொருகி உருவும் ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒயர் அசையும், டெர்மினல் திருகு தளரும். கிரைண்டர், ஹீட்டர் ஓடும் 16 ஆம்பியர் சாக்கெட்டில் தளர்ந்த இணைப்பு சூடாகிக் கருகும். இந்த வீட்டில் நியூட்ரல் பக்கம் பிளாஸ்டிக் ஏற்கெனவே பழுப்பேறியிருந்தது. இன்னொரு பக்கம் தகர விளிம்பு ஒயரின் தோலை அறுக்கும். பாக்ஸுக்கு எர்த் இருந்தால் கசிவு அந்த வழியாக ஓடி, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கசிவு கண்டால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) உடனே விழுந்துவிடும். எர்த் இல்லையென்றால் பாக்ஸ் சத்தமில்லாமல் கரண்டோடு உட்கார்ந்திருக்கும், சுவரைக் கழுவுகிற நாள்வரை.

முறையாகப் பதிக்க ஒன்றும் பெரிய வித்தை வேண்டாம். பாக்ஸைவிடச் சுற்றிலும், பின்பக்கமும் 10 மி.மீ. கூடுதலாகக் குழி வெட்ட வேண்டும். பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, தண்ணீர் தெளித்துச் செங்கல்லை நனைக்க வேண்டும். காய்ந்த செங்கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், பிடிப்பு வராது. 1:3 சிமெண்ட் கலவையைக் கெட்டியாகப் பிசைந்து முதலில் குழியின் முதுகில் அப்பி, பாக்ஸை அழுத்தி, ஓரங்களில் சின்னச் செங்கல் சில்லு வைத்து இறுக்கி, மீதியை நிரப்பினால் போதும். ஒரு பாக்ஸுக்கு இரண்டு கரண்டிக் கலவை பிடிக்கும், அவ்வளவுதான் செலவு. ரசமட்டம் வைத்துப் பார்த்து, உள்ளே தெர்மாகோலோ பழைய பேப்பரோ திணித்துவிட வேண்டும். இரண்டு நாள் ஒயர் இழுக்கக்கூடாது, தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பெரும்பாலும் தப்பு நடப்பது ஆழத்தில். பூச்சின் கனம் தெரிய கொத்தனார் புள்ளி வைத்த பிறகே பாக்ஸ் வைக்கவேண்டும். வழுவழுப்புப் பக்கம் 12, மேடுபள்ளப் பக்கம் 15 மி.மீ. பூச்சு வரும் என்றால், செங்கல்லிலிருந்து பாக்ஸின் வாய் அந்த அளவு வெளியே நிற்கவேண்டும். இந்த வீட்டில் செங்கல் மட்டத்துக்கே அமுக்கிவிட்டார்கள். பிறகு பிளேட்டோடு வந்த திருகு எட்டவில்லை. மரத் திருகை முறுக்கி ஏற்றியதில் பாக்ஸின் காதில் (திருகு ஏறும் இடம்) மரை தேய்ந்து, பிளேட் சுவரைப் பிடித்துத் தொங்கியதே தவிர பாக்ஸைப் பிடிக்கவில்லை. எலக்ட்ரீசியனைக் கேட்டால் கொத்தனார் கூடுதலாகப் பூசிவிட்டார் என்பார், கொத்தனாரைக் கேட்டால் பாக்ஸை உள்ளே வைத்தது அவர்தான் என்பார். இரண்டு பேரும் ஒரே நாளில் சைட்டில் நிற்கும்படி பார்த்துக்கொள்வதுதான் வீட்டுக்காரர் செய்யக்கூடியது.

நாலரை இஞ்ச் சுவரில் இரண்டு பக்கமும் நேருக்கு நேர் போர்டு வைக்க விடாதீர்கள். 50 மி.மீ. பாக்ஸ் இரண்டு போனால் நடுவில் ஒன்றுமே மிஞ்சாது. ஒரு செங்கல் நீளமாவது தள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஹாலோ பிளாக் என்றால் பின்னால் பொந்து இருக்கும், கலவை உள்ளே விழுந்துவிடும். பொந்தைச் செங்கல் துண்டும் கலவையும் போட்டு முதல் நாளே அடைத்துவிட்டு மறுநாள் பாக்ஸ் வைக்கவேண்டும். உவரி மாதிரிக் கடலோர ஊர்களில் உப்புக்காற்றுக்குத் தகரம் தாங்காது, கனமான பிவிசி பாக்ஸே மேல். தகரம் வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா பாருங்கள். கட்டைவிரலால் அமுக்கி வளைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பூச்சுக்கு முன்னால் ஒவ்வொரு பாக்ஸையும் அளவு டேப் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பைப் பாக்ஸுக்குள் எட்டிப் பார்க்கிறதா, முனையில் புஷ் (ஒயரை விளிம்பு அறுக்காமல் காக்கும் வளையம்) இருக்கிறதா என்பது படத்தில் தெரியவேண்டும். கடைசித் தவணை கொடுக்கும் முன் மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்து உறுதி செய்துகொண்டு நாலைந்து பிளேட்டுகளைக் கழற்றச் சொல்லுங்கள். விளிம்பை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினால் இம்மிகூட அசையக்கூடாது. சுற்றிலும் விரல் கணுவால் தட்டினால் பொள்ளென்று சத்தம் வரக்கூடாது.

அந்த வீட்டில் தட்டிப் பார்த்ததில் இன்னும் எட்டு பாக்ஸ் இதே கதை. ஐந்தை உடைத்து மறுபடி பதித்தாச்சு. மூன்று டைல்ஸுக்குள் மாட்டிக்கொண்டன. அவற்றில் பிஓபியைச் சுரண்டி எடுத்து, முதுகில் துளை போட்டு 6 மி.மீ. ரால் பிளக்கும் (திருகைப் பிடிக்கத் துளையில் செருகும் குச்சி) 35 மி.மீ. திருகும் முறுக்கி, இடுக்கில் கலவை திணித்திருக்கிறார்கள். டைல்ஸ் உடைந்து மாற்றும் நாள் வந்தால் அதையும் எடுத்துச் சரியாக வைக்கவேண்டும்.