மூன்றாம் நாள் காலை, நாலு வட்டம்

தங்கச்சி பிரசவத்துக்காக லண்டனில் இருந்து தஞ்சாவூர் வந்தேன். விமானம், டாக்சி எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அதை விடுங்கள். பிறந்த மூன்றாம் நாள் காலை பிள்ளைக்குக் குதிகாலில் ரத்தம் எடுத்த கதைதான் இது.

பிறவியிலேயே தைராய்டு சுரக்காத கோளாறு மாதிரி சிலவற்றை, வெளியே தெரியும் முன்பே பிடிக்கிற சோதனை. லண்டனில் ஐந்தாம் நாள் மிட்வைஃப், அதாவது பிரசவம் பார்க்கும் நர்ஸ், வீட்டுக்கே வந்து இலவசமாக எடுப்பார். 1960களில் அமெரிக்க டாக்டர் ராபர்ட் கத்ரி கொண்டுவந்த அதே அட்டை முறை: ரத்தத்தை உறிஞ்சும் தாள் அட்டையில், அச்சிட்ட வட்டங்களில் சொட்டுச் சொட்டாக ஒற்றி லேபுக்கு அனுப்புவது. இந்த ஆஸ்பத்திரியிலோ நாங்களாகக் கேட்டு, தனியாகப் பணம் கட்டின பிறகுதான் ஆள் வந்தது.

வந்த நர்ஸுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். ஏசி அறையில் பிள்ளையின் பாதம் சில்லிட்டுக் கிடந்தது. சாதாரண ஊசியால் குத்தினார், ரத்தம் வரவில்லை. எலுமிச்சம்பழம் மாதிரிப் பிழிந்தார். கசிந்ததை வட்டத்தில் தேய்த்து, போதாமல் அதன்மேலேயே இன்னொரு சொட்டு. பிள்ளை வீறிட்டது. "எங்க ஊர்ல எல்லாம்..." என்று ஆரம்பித்தேன். "உனக்கு எதுடா ஊரு?" என்றாள் அம்மா.

சத்தம் கேட்டுப் பெரிய சிஸ்டர் வந்தார். அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "பின்பக்கம் ஊறவே இல்ல பாரு. லேப்ல வேணாம்னு திருப்பிருவாங்க." ஏசியை அணைக்கச் சொன்னார். துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, தன் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுக் காலில் சுற்றினார். "பால் குடுமா, அது பாட்டுக்குக் குடிக்கட்டும்." தாய்மாமன் பார்க்கக் கூடாதா என்று நான் எட்டிப் பார்த்தேன். குதிகாலின் நடுவில் இல்லை, ஓரமாக, லான்செட் என்கிற குட்டிக் குத்துக் கத்தியால் ஒரே குத்து. முதல் சொட்டைப் பஞ்சால் துடைத்தார். அப்புறம் பிழியவே இல்லை. காலைத் தாழ்த்திப் பிடித்து, சொட்டு தானாகத் திரளும்வரை காத்திருந்து அட்டையில் ஒற்றினார். வட்டத்துக்கு ஒரு சொட்டு. நாலும் பின்பக்கம்வரை ஊறின. பிள்ளை லேசாகச் சிணுங்கியதோடு சரி.

லண்டனில் என் மகனுக்கு இதே சோதனை இரண்டு தடவை நடந்தது. முதல் தடவை எடுத்த ரத்தம் போதவில்லையாம். அம்மாவிடம் அதை இன்றுவரை சொல்லவில்லை.

அட்டை காய மூன்று, நாலு மணி நேரமாகும் என்றதும் அம்மா அதை ஜன்னலோர வெயிலுக்கு எடுத்துப் போனாள்.

"வெயில்ல வைக்கக் கூடாதும்மா," என்று வாங்கிக்கொண்டார் சிஸ்டர். "வடாமா இது?"