ஒரு விரல்கடை தூரம்: டிஸ்டார்ஷன் கிட்டாரை எட்டு வருடம் மைக் வைத்துப் பதிவு செய்த அனுபவம்

என் கேபினெட்டின், அதாவது கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியின், முன்துணியில் ஒரு சிவப்பு இன்சுலேஷன் டேப் துண்டு ஐந்து வருடமாக ஒட்டியிருக்கிறது. வலது ஸ்பீக்கரில் நடுவில் இருக்கும் வட்ட மூடியான டஸ்ட் கேப் முடிந்து, அதைச் சுற்றியுள்ள கூம்பான கோன் தொடங்கும் இடம் அது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடம் பிடித்தது. அந்த மூன்று வருடத்தில் பெடல் மாற்றினேன், பிக்கப் மாற்றினேன், மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ்கூட மாற்றினேன். மைக்கை மட்டும் நகர்த்திப் பார்க்கவில்லை.

முதலில் என்னிடம் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். 50 வாட் டியூப் ஆம்ப் ஒன்று. இரண்டு 12 அங்குல செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கர்கள் உள்ள, பின்பக்கம் மூடிய கேபினெட் ஒன்று. மைக் மூன்று. ஷூர் எஸ்எம்57 எட்டு வருடமாக இருக்கிறது, சென்ஹைசர் எம்டி421 ஐந்து வருடமாக. ராயர் ஆர்-121 ரிப்பன் மைக்கை செகண்ட் ஹேண்டில் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. பதிவு செய்யும் இடம் மொட்டை மாடியில் உள்ள சின்ன அறை. வாசிப்பது பெரும்பாலும், தடித்த கீழ்க்கம்பியை ஒரு முழுச் சுரம் இறக்கி வைக்கும் டிராப் டி ட்யூனிங்கில் கனமான ரிதம்.

57 வந்த நாளில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். ஸ்பீக்கரின் நட்ட நடுவில், துணியில் முட்டும்படி வைத்துப் பதிவு செய்தேன். அறையில் நின்று கேட்கும்போது நெஞ்சில் மோதிய சத்தம், ஹெட்ஃபோனில் காதுக்குள் கொசுக்கூட்டம் புகுந்த மாதிரி இருந்தது. மைக்தான் சரியில்லை என்று நினைத்தேன். காரணம் வேறு. 12 அங்குல கோன் ஏறக்குறைய 30 செ.மீ. அகலம். 5000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ 7 செ.மீ.தான். அலைநீளத்தைவிடப் பெரிய பரப்பிலிருந்து வரும் ஒலி பரவாது, டார்ச் வெளிச்சம் போல நேராகப் பாயும். நாம் நின்று வாசிக்கும்போது அந்தக் கற்றை முழங்காலில் அடித்துவிட்டுப் போகிறது. மைக்கோ அதை நேருக்கு நேர் வாங்கிக்கொள்கிறது. போதாக்குறைக்கு, கிட்டார் ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும் டிஸ்டார்ஷனின் வேலையே, மூல ஒலியில் இல்லாத ஹார்மோனிக்குகளை, அதாவது அதன் மடங்குகளான மேல் ஒலிகளை, உண்டாக்குவதுதான். 57-க்கோ 5000, 6000 ஹெர்ட்ஸ் பக்கம் இயல்பாகவே ஒரு தூக்கல் உண்டு. மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் ஒலியின் மேல், கீழ்ப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் எந்த ஈக்யூவாலும் காப்பாற்ற முடியாது.

இப்போது நான் இடம் தேடும் விதம் இது. முதலில் செல்போன் டார்ச்சை முன்துணியில் சாய்வாக அடிப்பேன். கோன் எங்கே, டஸ்ட் கேப்பின் விளிம்பு எங்கே என்று துணி வழியாகவே தெரியும். அடுத்து கிட்டாரின் வால்யூமைச் சுழியாக்கிவிட்டு ஆம்ப் கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, ஏற்றுவேன். வெறும் இரைச்சல்தான் வரும். காதை நன்றாக மூடும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, மைக்கைக் கையில் பிடித்துத் துணியின் மேல் மெதுவாக நகர்த்துவேன். நடுவில் அந்த இரைச்சல் "ஸ்ஸ்ஸ்" என்று கூர்மையாக இருக்கும். வெளியே போகப் போக "ஷ்ஷ்ஷ்" என்று தடிக்கும். ஸகரம் ஷகரமாக மாறுகிற அந்த இடத்தில் நிறுத்தி ஸ்டாண்டைப் பூட்டுவேன். கனமான ரிதமுக்கு பத்தில் எட்டு முறை அதுவே சரியான இடமாக இருந்திருக்கிறது. அங்கிருந்து ஒரு விரல்கடை உள்ளே போனால் சீறும், ஒரு விரல்கடை வெளியே போனால் கம்பளி போர்த்திய மாதிரி ஆகிவிடும். மைக்கின் விலையைவிட இந்த ஒரு விரல்கடைக்கு மதிப்பு அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

துணியிலிருந்து எவ்வளவு தூரம் என்பது அடுத்த கேள்வி. நெருங்க நெருங்க, முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் 57 போன்ற கார்டியாய்டு மைக்கில் அடிநாதம் பெருகும். டிராப் டி-யில் கீழ்க்கம்பி 73 ஹெர்ட்ஸ். உள்ளங்கையால் அழுத்தி வாசிக்கும்போது கேபினெட்டும் சேர்ந்து முட்டும். அந்த நேரத்தில் இரண்டு விரல்கடை பின்னால் இழுத்தாலே பேஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் இடம் கிடைத்துவிடுகிறது.

57 வாங்க முடியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1965-இல் 57-உம் அடுத்த வருடம் 58-உம் வந்தன. உள்ளே இருக்கும் கேப்ஸ்யூல் கிட்டத்தட்ட ஒன்றேதான். மேடையில் பாடுவதற்காக வாங்கிய 58 வீட்டில் இருந்தால், உருண்டை வலையைக் கழற்றிவிட்டுக் கவனமாக வைத்துப் பாருங்கள். தொடங்குவதற்கு அது தாராளம்.

421 வந்த பிறகு எனக்குக் கிடைத்த பாடம் ஃபேஸ், அதாவது இரண்டு மைக்கின் அலைகளும் ஒன்றோடொன்று ஒத்துப் போகிறதா என்பது. 57-ஐத் துணியருகே வைத்து, 421-ஐ ஏறக்குறைய 10 செ.மீ. பின்னால் வைத்திருந்தேன். தனித்தனியாகக் கேட்டால் இரண்டுமே அருமை. சேர்த்துக் கேட்டால் தகர டப்பா. ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 10 செ.மீ. வித்தியாசம் இருந்தால் 1700 ஹெர்ட்ஸ் அருகே இரண்டு மைக்கும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கிட்டாரின் முகம் இருக்கும் இடமே அதுதான். சில பாட்டுகளே உள்ள சிறு ஆல்பமான இபி ஒன்றின் ரிதம் ட்ராக்குகள் முழுவதையும் இதனால் மறுபடி வாசித்தேன்.

இப்போது இரண்டு மைக் வைத்தால், ஒன்றின் போலாரிட்டியை வேண்டுமென்றே திருப்பிப் போட்டு, அதாவது அலையின் ஏற்றத்தை இறக்கமாக்கிவிட்டு, சத்தம் மிக மெலிந்து போகும் இடம் வரும்வரை இரண்டாவது மைக்கை நகர்த்துவேன். பிறகு போலாரிட்டியைப் பழையபடி வைத்தால் சத்தம் திரண்டு நிற்கும். மென்பொருளில் அலைகளை இழுத்துப் பொருத்தலாம்தான், ஆனால் கையால் நகர்த்தும்போது காதும் சேர்ந்து பழகுகிறது. சுவீடனின் ஃபிரெட்மேன் ஸ்டூடியோவின் பெயரில் வழங்கும் முறையையும் நிறைய முயன்றேன். இரண்டு 57, ஒன்று நேராக, மற்றது சாய்வாக, இரண்டின் முனையும் பக்கத்தில் பக்கத்தில். நண்பரிடம் இன்னொரு 57 இரவல் வாங்கிச் செய்தேன். வேகமான ரிதமுக்கு அந்தக் கடிப்பு வேறு எதிலும் வரவில்லை.

ஆர்-121 பற்றி. டிஸ்டார்ஷனின் சீறலை இது இயல்பாகவே தணித்துத் தருகிறது, நடுநாதம் சதைப்பிடிப்போடு வருகிறது. 57-ஐ முன்னிறுத்தி இதை அடியில் கலப்பதுதான் எனக்குப் பிடித்த கலவை. முன், பின் இரண்டு பக்கமும் கேட்கும் மைக் இது. அருகில் வைக்கும்போது பின்பக்கம் இன்னும் பளிச்சென்று ஒலிக்கும். அப்படித் திருப்பினால் போலாரிட்டியும் தலைகீழாகும், அதை மறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் அலுமினிய ரிப்பனின் தடிமன் 2.5 மைக்ரான்தான். ஆகவே உறை போட்டு நிமிர்த்தி வைக்கிறேன், ஃபேன் காற்றில் காட்டுவதில்லை. சில மைக்குகளுக்குக் கேபிள் வழியே அனுப்பும் மின்சாரமான ஃபேன்டம் பவர் போகும் கேபிளில் கோளாறு இருந்தால் ரிப்பன் போய்விடும். அதனால் இதற்கென்றே ஒரு கேபிள் ஒதுக்கி, மாதம் ஒருமுறை சோதிக்கிறேன்.

அறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இவ்வளவு பக்கத்தில் மைக் இருக்கும்போது அறை பெரிதாகக் கேட்பதில்லை. கேபினெட்டைத் தரையிலிருந்து ஒரு முக்காலி உயரம் தூக்கியதில் அடிநாதம் தெளிந்தது, அவ்வளவுதான். வெயில்தான் தொல்லை. பதிவின்போது ஃபேனை நிறுத்துவதால் பத்தே நிமிடத்தில் கம்பிகள் சுருதி இறங்குகின்றன. ஒவ்வொரு டேக்குக்கும் முன் ட்யூன் செய்கிறேன்.

கெயின் விஷயத்தில் மட்டும் வாசிப்பவர்களோடு இன்னமும் வாதாடுகிறேன். இடம், வலம் என்று ஒரே ரிதமை இரண்டு முறை வாசித்து வைக்கும்போது டிஸ்டார்ஷன் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். ஒத்திகையில் ஏழில் இருக்கும் கெயினைப் பதிவில் ஐந்துக்கு இறக்குவேன். தனியாகக் கேட்கும்போது சப்பென்றிருக்கிறது என்று முகம் சுளிப்பார்கள். போன மாதம் ஒரு தம்பி அப்படித்தான் சொன்னான். இரண்டாவது ட்ராக்கையும் வாசித்து முடித்து, டிரம்ஸோடு சேர்த்துப் போட்டுக் காட்டினேன். கிட்டாரைக் கழற்றாமலே ஸ்பீக்கர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, முதலிலிருந்து இன்னொரு முறை போடுங்கண்ணா என்றான்.