நிலைத்தன்மைத் திறன்: படிவமா, வரைபடமா, சூழல் வினாவா?

புவி வெப்பமாவதற்கு ஐந்து காரணங்களை எழுதும் மாணவருக்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடும். ஒரு முடிவால் யாருக்கு நன்மை, யாருக்கு இழப்பு, இருபது ஆண்டுகள் கழித்து என்ன ஆகும் என்று அவரால் யோசிக்க முடிகிறதா? அந்த மதிப்பெண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. இயற்கையும் மனித வாழ்வும் நீண்ட காலம் நிலைக்கும்படி இப்படி யோசித்துச் செயல்படுவதைத்தான் நிலைத்தன்மைத் திறன் என்கிறார்கள். யுனெஸ்கோ 2017இல் இதற்காக எட்டுத் திறன்களைப் பட்டியலிட்டது. முழு அமைப்பாகப் பார்ப்பது, வரப்போவதை முன்கூட்டி யோசிப்பது, கூடி வேலை செய்வது எல்லாம் அதில் உண்டு. ஐரோப்பிய ஆணையம் 2022இல் கொண்டுவந்த 'கிரீன்காம்ப்' என்ற நிலைத்தன்மைத் திறன் சட்டகம் பன்னிரண்டு திறன்களைச் சொல்கிறது. பட்டியல் இருக்கிறது, சரி. வகுப்பில் எதைக் கொண்டு அளப்பது?

எல்லோரும் முதலில் எடுப்பது சுயமதிப்பீட்டுப் படிவம். "சிக்கலான பிரச்சினையை அலச என்னால் முடியும்", ஒன்று முதல் ஐந்துக்குள் குறியிடுக. பத்தே நிமிடத்தில் வேலை முடியும். ஆனால் இது அளப்பது தன்னம்பிக்கையை. பாடம் தொடங்கும்போது நான்கு போட்ட மாணவர், விஷயம் எவ்வளவு ஆழமானது என்று புரிந்த பிறகு மூன்று போடுவார். தாளில் பார்த்தால் பின்னுக்குப் போனதுபோல் இருக்கும். உண்மையில் அவர் வளர்ந்திருக்கிறார். இதைத் தவிர்க்க, "அப்போது எப்படி இருந்தேன், இப்போது எப்படி இருக்கிறேன்" என்ற இரண்டையும் பாடத்தின் முடிவில் ஒன்றாகக் கேட்கலாம். மாணவர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள இது நல்ல கருவி. மதிப்பெண் மட்டும் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் எல்லோரும் ஐந்தில்தான் குறியிடுவார்கள்.

கொள்குறி வினாக்கள் அறிவை அளக்கும், விரைவாகத் திருத்தலாம். அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

கருத்துகளைக் கட்டங்களில் எழுதி அம்புகளால் இணைக்கும் கருத்து வரைபடம் இவை இரண்டையும்விட வெகுவாக மேலானது. 1970களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவக் குழுவினர், குழந்தைகளின் அறிவியல் புரிதல் எப்படி மாறுகிறது என்று பார்க்க உருவாக்கியது இது. கிழக்கு ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1950களில் அங்கே நைல் பெர்ச் மீனை விட்டார்கள். அது ஏரியின் சொந்த மீன் இனங்களைத் தின்று பெருகியது, ஏற்றுமதியும் வளர்ந்தது. கொழுப்பு மிகுந்த மீன் என்பதால் சிறு மீன்களைப் போல வெயிலில் காயவைக்க முடியாது. புகையூட்ட வேண்டும், அதற்கு விறகு வேண்டும். மரங்கள் குறைந்தால் மண் அரித்து ஏரிக்குள் போகும், அதோடு ஊட்டச்சத்தும் சேர்ந்து பாசி பெருகும். ஒரு மாணவர் இதை நேர்கோட்டுச் சங்கிலியாக வரைவார். இன்னொருவர் கடைசிக் கண்ணியிலிருந்து மீண்டும் ஏரிக்கே ஓர் அம்பு போடுவார். அந்த அம்புதான் அமைப்பாகப் பார்க்கும் திறன். எத்தனை கட்டங்கள் என்று எண்ணி மதிப்பெண் போட்டால் அந்த வேறுபாடு தெரியாமலே போய்விடும். குறுக்கு இணைப்புகளையும் சுழல்களையும்தான் பார்க்க வேண்டும். ஆனால் அடுத்து என்ன செய்வார் என்பது வரைபடத்தில் வராது.

அந்த இடத்தில்தான் சூழல் வினா வருகிறது, அதாவது ஒரு சூழ்நிலையைக் கொடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்கும் வினா. என் ஓட்டு இதற்கே. அதே ஏரியை வைத்துக் கேளுங்கள்: "சில ஆண்டுகளுக்கு மீன்பிடிப்பைக் கட்டுப்படுத்தலாமா? யார் பாதிக்கப்படுவார்கள்? முதலில் என்ன செய்வீர்கள்?" எழுதி முடித்ததும் புதுத் தகவல் ஒன்றைக் கொடுத்து, பதிலைத் திருத்தச் சொல்லுங்கள். எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்பதில் யோசனை அப்படியே தெரியும். ஆபத்தும் இங்கேதான் அதிகம். ஆசிரியருக்குப் பிடித்த முடிவை எழுதினால் மதிப்பெண் என்று ஆகிவிட்டால், மாணவர்கள் அதை மிகச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் மதிப்பெண் விதியை எழுதியதும், நேரெதிரான முடிவுகள் கொண்ட இரண்டு நல்ல பதில்களை அதில் போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் உயர்ந்த மதிப்பெண் வராவிட்டால் விதியை மாற்றுங்கள். அப்புறம், இரண்டு ஆசிரியர்கள் சில விடைத்தாள்களைத் தனித்தனியே திருத்தி ஒப்பிட்டுவிட்டு மீதியைத் தொடங்குவது நல்லது.

இவ்வளவு செய்தாலும் கூடி வேலை செய்யும் திறன் தாளில் வராது. குழுச் செயல்திட்டத்தின்போது நேரில் கவனித்தால்தான் உண்டு. பெரிய வகுப்பில் எல்லோரையும் ஒரே நாளில் பார்க்க முடியாது. ஒரு பாடவேளைக்கு ஒரு குழு போதும். "நன்றாகப் பங்கேற்றாள்" என்ற குறிப்பால் பயனில்லை. "எதிர்த்துப் பேசியவனின் கணக்கைக் கேட்டுவிட்டுத் தன் திட்டத்தை மாற்றினாள்" என்று நடந்ததை எழுதுங்கள். உரக்கப் பேசுபவர்களே கண்ணில் படுவார்கள் என்பதால், பேசாமல் வேலை செய்தவர் யார் என்று தனியாகத் தேடிப் பார்க்க வேண்டும்.

2021இல் ரெட்மன், வீக், பார்த் ஆகிய ஆய்வாளர்கள் இத்தகைய கருவிகளைத் தொகுத்து, சுயகணிப்பு, நேரடிக் கவனிப்பு, தேர்வு என்று மூன்று பெரும் பிரிவுகளாக்கினார்கள். ஒரே பிரிவை நம்பியிருக்காமல், சூழல் வினாவையும் கவனிப்பையும் சேர்த்து மதிப்பெண்ணுக்கு வைத்துக்கொள்வேன். வரைபடமும் சுயமதிப்பீடும் பாடத்தின் நடுவே, மதிப்பெண் பயமில்லாமல் நடக்கட்டும். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் சூழல் வினா. எழுத்து இன்னும் கைவராத சிறு வகுப்புகளில் அதையே வாய்மொழியாகக் கேட்டு, பிள்ளைகள் சொல்வதை ஆசிரியர் குறித்துக்கொள்ளலாம்.